வலியில்லாக் காமாலையும் பித்தநாளப் புற்றுநோயும்

மானிட உடலிலுள்ள சுரப்பிகளுள் மிகப் பெரியது கல்லீரல். நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 முதல் 1,000 மில்லிலிட்டர் வரை பித்தநீரை அது சுரக்கிறது. கல்லீரலின் உட்புறத்தில் மரத்தின் கிளைகளைப் போலப் பரந்து கிடக்கும் நுண்குழாய்கள் இந்நீரைச் சேகரித்து, வலம், இடம் என்னும் இரு பெருங்குழாய்களில் சேர்க்கின்றன. அவ்விரண்டும் கல்லீரலின் வாயிலில் ஒன்றுகூடிக் கீழிறங்கி, பித்தப்பையிலிருந்து வரும் குழாயையும் இணைத்துக்கொண்டு, கணையத்தின் தலைப்பகுதியினூடே சென்று சிறுகுடலின் தொடக்கத்தில் திறக்கின்றன. இப்பொதுக் குழாயின் விட்டம் சுமார் 6 மி.மீ. மட்டுமே. ஒரு பென்சிலின் பருமன்கூட இல்லாத இவ்வழி அடைபடுமாயின், சுரந்த பித்தம் பின்னோக்கித் தேங்கி இரத்தத்திற் கலக்கிறது. கண்ணும் தோலும் மஞ்சள் நிறம் பெறுகின்றன.

இக்குழாய்களின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே பித்தநாளப் புற்றுநோயாகும். இஃது அரிய நோய்தான். ஆயினும் பெங்களூரிலும், அதனை அடுத்த ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் வட்டாரங்களிலும், தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் என்று கேள்வியுற்ற குடும்பத்தார் முதலில் யோசனை கேட்பது பெரும்பாலும் ஊர்ப் பள்ளி ஆசிரியரையும் சுகாதாரச் செவிலியரையுமே. "எந்த ஆஸ்பத்திரி நல்லது?" என்று அவர்கள் கேட்பார்கள். கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் இந்நோயைப் பொறுத்தவரையில், எதனை முதலிற் செய்வது, எதனைப் பின்னர்ச் செய்வது என்னும் கேள்வி அதனினும் பெரிது. முதல் சில வாரங்களில் வரிசை மாறிச் செய்யப்படும் ஒரு சிறு காரியம், பின்னர்ச் செய்திருக்கக்கூடிய ஒரு பெரிய சிகிச்சையின் கதவை அடைத்துவிடக்கூடும்.

இருவகைக் காமாலை

நம் நாட்டில் காமாலை என்றதும் நினைவுக்கு வருவது அசுத்த நீரினாற் பரவும் கல்லீரல் அழற்சியாகும். அதில் காய்ச்சல், குமட்டல், பசியின்மை ஆகியவை முன்னே வர, மஞ்சள் நிறம் பின்னே வரும். பெரும்பாலும் இளைஞரையும் குழந்தைகளையும் பற்றும். சில வாரங்களில் தானே தணியும். குழாய் அடைப்பினால் வரும் காமாலை வேறு விதமானது. ஐம்பதைக் கடந்த ஒருவருக்கு, வலியோ காய்ச்சலோ இன்றி, நாளுக்கு நாள் மஞ்சள் நிறம் ஏறிக்கொண்டே வரும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். பித்தம் குடலை அடையாமையால் மலம் வெண்களிமண் போல் வெளுத்திருக்கும். உடலெங்கும் அரிப்பெடுக்கும், இரவில் அஃது உறக்கத்தைக் கெடுக்கும். எடையும் குறையும். வலப்புற விலாவின் கீழ் வலியின்றிப் பருத்த பித்தப்பை கைக்குத் தட்டுப்படுமாயின், அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் கல்லன்று என்பதை ஸ்விட்சர்லாந்து நாட்டு ரண சிகிச்சை நிபுணர் கூர்வாஸியே 1890-இல் எடுத்துரைத்தார். இன்றும் மருத்துவ மாணவர் கற்கும் விதி அது.

இவ்விடத்தில் கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை ஆராய்ச்சியாளர்கள் இம்மூலிகையை 'பி' வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்குக் கொடுத்துப் பெற்ற முடிவுகள் 1988-இல் 'லான்செட்' சஞ்சிகையில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தன. பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை. அவ்விவாதம் எப்படி முடியினும், அது கிருமியைப் பற்றியது. அடைபட்ட குழாயை எந்தப் பச்சிலையும் திறக்காது. முதியவர் ஒருவர் காமாலைக்கு மருந்து குடித்துக்கொண்டும் பத்தியம் காத்துக்கொண்டும் ஆறு வாரங்களைக் கழிப்பாராயின், அந்த ஆறு வாரங்களும் நோய்க்கே ஆதாயம். இரண்டு வாரத்தில் மஞ்சள் குறையவில்லை, அல்லது மலம் வெளுத்துவிட்டது என்றால், அன்றே வயிற்றின் அல்ட்ராசவுண்டு படம் எடுக்க அனுப்பவேண்டும். குழாய்கள் விரிந்திருக்கின்றனவா இல்லையா என்பதை அச்சிறு சோதனை ஐயமின்றிக் காட்டிவிடும்.

இடமே சிகிச்சையை நிர்ணயிக்கிறது

பித்தநாளப் புற்றுநோய் என்பது ஒரே பெயரால் வழங்கும் மூன்று நோய்கள் எனலாம். கல்லீரலுக்குள்ளேயே தோன்றுவது ஒன்று. இது காமாலையைக் காட்டாமலே நெடுநாள் வளரும். வலம், இடம் குழாய்கள் கூடும் வாயிலில் தோன்றுவது இரண்டாவது. 1965-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜெரால்டு கிளாட்ஸ்கின் இத்தகைய 13 நோயாளிகளை விவரித்து எழுதியதிலிருந்து, இதனைக் கிளாட்ஸ்கின் கட்டி என்றே நிபுணர்கள் குறிப்பிடுவர். கணையத்தை ஒட்டிய கீழ்ப்பகுதியில் தோன்றுவது மூன்றாவது.

இம்மூன்றுக்கும் ரண சிகிச்சை வெவ்வேறு. முதல் வகையில் கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டியெடுப்பர். கீழ்ப்பகுதிக் கட்டிக்கு, கணையத்தின் தலை, சிறுகுடலின் முற்பகுதி, பித்தநாளம் ஆகியவற்றை ஒருங்கே நீக்கும் சிகிச்சை செய்யப்படும். 1935-இல் ஆலன் விப்பிள் வெளியிட்ட முறையின் வழிவந்தது இது. வாயிற் கட்டிதான் மிகக் கடினமானது. கல்லீரலின் பாதிக்கும் மேற்பட்ட பகுதியைக் குழாயுடன் சேர்த்து எடுக்க நேரலாம். எஞ்சும் பகுதி உயிர்தாங்கப் போதாது என்று கணக்கிட்டால், எடுக்கப்படவிருக்கும் பகுதிக்குச் செல்லும் இரத்தக் குழாயை முன்கூட்டியே அடைத்து, மறுபகுதியைச் சில வாரங்களில் வளரச் செய்வர். ஜப்பானிய நிபுணர்கள் 1980-களில் வளர்த்த யுக்தி இது. கல்லீரலுக்கு மீண்டும் வளரும் ஆற்றல் உண்டு என்பதைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் மாணவர்களுக்கு, அவ்வாற்றல் இப்படி ஓர் உயிரைக் காக்கும் கணக்காக மாறுவதை ஆசிரியர்கள் எடுத்துச் சொல்லலாம்.

இனி வரிசையைப் பற்றிச் சொல்வோம். காமாலை கண்டவுடன் வாய்வழியே குழாய்நோக்கியைச் செலுத்தி, இ.ஆர்.சி.பி. என்னும் முறையில், அடைபட்ட இடத்தில் ஸ்டென்ட் என்னும் சிறு குழலைப் பொருத்திவிடுவது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. மஞ்சள் இறங்குகிறது, குடும்பத்தாரும் மகிழ்கின்றனர். ஆனால் குழல் பொருத்திய பின் எடுக்கும் படத்தில் நாளத்தின் சுவர் அழற்சியால் தடித்துத் தெரியும். கட்டியின் எல்லை எது, புண்ணின் வீக்கம் எது என்று பிரித்தறிவது கடினமாகும். வாயிற் கட்டியில், வெட்டப்படாது எஞ்சவேண்டிய பக்கத்தையே வடிக்க வேண்டும். எது எஞ்சும் என்று தீர்மானிக்கும் முன்னரே குழல் வைத்தால், தவறான பக்கம் வடிக்கப்பட்டு, வடியாத பக்கத்தில் கிருமி புகலாம். ஆகவே சி.டி. படமும், எம்.ஆர்.சி.பி. எனப்படும் காந்தப் படமும் முதலில். ரண சிகிச்சை நிபுணரின் யோசனை அடுத்து. வடிப்பது அதன் பிறகு. இதற்கு ஒரே விலக்கு உண்டு. நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டு, நாளத்தில் சீழ் பிடித்திருக்குமானால், காத்திருத்தல் கூடாது; உடனே வடித்தாக வேண்டும்.

ஊசியிட்டுத் தசை எடுப்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. வெட்டியெடுக்க இயலாத சில சிறிய வாயிற் கட்டிகளுக்கு, கதிர்வீச்சும் மருந்தும் முன்னர் அளித்து, பின்னர்க் கல்லீரலையே மாற்றும் முறையை அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையம் 1990-களில் வகுத்தது. கட்டி 3 செ.மீ.க்கு மேற்படாமலும் பிற இடங்களுக்குப் பரவாமலும் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. பன்னிரண்டு நிலையங்களின் அனுபவத்தைத் தொகுத்து 2012-இல் வெளியான ஆய்வில், மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுள் ஐந்தாண்டு வரை நோய் மீளாதிருந்தவர்கள் சுமார் 65 சதவிகிதம். இந்நோயில் இது வியக்கத்தக்க எண். ஆனால் வயிற்றுத் தோலின் வழியே ஊசி செலுத்திக் கட்டியிலிருந்து தசை எடுக்கப்பட்டிருந்தால், ஊசியின் தடத்தில் நோய் சிதறியிருக்கலாம் என்ற அச்சத்தால் அந்நோயாளி இம்முறைக்கு ஏற்றவராகக் கருதப்படுவதில்லை. நோயை உறுதிசெய்யும் ஆவலில் செய்த ஒரு சோதனை வழியை அடைப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

மற்றொன்றையும் மறக்கலாகாது. நாளம் சுருங்கியது எல்லாம் புற்றுநோயன்று. பித்தக்கல், முன்பு பித்தப்பை நீக்கியதால் ஏற்பட்ட தழும்பு, காசநோய் முதலியவையும் அதே தோற்றத்தைத் தரலாம். ஐ.ஜி.ஜி.4 என்னும் எதிர்ப்புப் புரதத்துடன் தொடர்புடைய ஒரு வகை அழற்சி புற்றுநோயைப் போலவே படத்தில் தெரியும். அது ஸ்டீராய்டு மாத்திரைகளாற் கரையும். சி.ஏ. 19-9 என்னும் இரத்தக் குறியீடு உயர்ந்திருப்பதும் தனிச் சான்றாகாது. காமாலை மிகுந்திருந்தாலே அது ஏறும்.

காரணத்தைத் தேடுவோர்க்கு

"எதனால் வந்தது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், தாங்கள் எதையோ கவனியாது விட்டோம் என்ற குற்ற உணர்ச்சி அக்கேள்வியினடியில் இருக்கும். இந்நோய் உலகிலேயே மிகுதியாகக் காணப்படுவது தாய்லாந்தின் வடகிழக்கில். அங்கு ஆற்று மீனைப் பச்சையாக உண்ணும் வழக்கத்தால் ஒருவகைத் தட்டைப் புழு பித்தநாளத்திற் குடியேறி, பல்லாண்டுகள் அரித்து, புற்றுநோய்க்கு வித்திடுகிறது. ஜப்பானில் ஓசாகா நகரின் அச்சகம் ஒன்றில் இளந்தொழிலாளர் பலருக்கு இந்நோய் கண்டது 2012-இல் தெரியவந்தது. மை துடைக்கப் பயன்படுத்திய 1,2-டைக்குளோரோபுரோப்பேன் என்னும் திரவமே காரணம் என ஆராய்ந்தறிந்தபின், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதனைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என 2014-இல் வகைப்படுத்தியது. கல்லீரலுக்குள்ளிருக்கும் கற்கள், நாளங்கள் தாமே தடித்துச் சுருங்கும் ஒரு நாட்பட்ட நோய், பிறவியிலேயே விரிந்த நாளம் ஆகியவையும் அபாயத்தை உயர்த்துவன. எனினும் நோயாளிகளுள் பெரும்பாலோரிடம் குறிப்பிட்ட காரணம் எதனையும் காண இயலுவதில்லை. இது தொற்றுவதன்று. உணவில் நேர்ந்த தவறென்று தாயையோ மருமகளையோ பழிப்பதற்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை.

நம் நாட்டில் இந்நோயாளிகள் எத்தனை பேர் என்று சொல்வது எளிதன்று. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின்கீழ் பெங்களூர், பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் மக்கள்தொகைப் பதிவேடுகள் 1982 முதல் இயங்கி வருகின்றன. அப்பதிவேடுகளைத் தொகுக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிலையம் இருப்பதும் பெங்களூரில்தான். ஆனால் சர்வதேச வகைப்பாட்டு முறைப்படி, கல்லீரலுக்குள் தோன்றும் நாளப் புற்று கல்லீரல் புற்றின் பத்தியிலும், வெளியே தோன்றுவது பித்தப்பைப் புற்றினை அடுத்தும் எண்ணப்படுகின்றன. பித்தநாளம் தன் பெயரில் பதிவேட்டின் பெரும் பட்டியலில் தெரிவதில்லை. அரிய நோய் மேலும் அரியதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெங்களூரில் செல்லுமிடங்கள்

நிமான்ஸ் மருத்துவமனையின் அருகிலுள்ள கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் 1973-இல் தொடங்கப்பெற்று, 1980-இல் மத்திய அரசால் வட்டாரப் புற்றுநோய் நிலையமாக ஏற்கப்பெற்றது. ரண சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சை மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். வெளியூரார் தங்கத் தர்மசாலையும் உண்டு. விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில், உணவுப்பாதை நோய்களுக்கும் உறுப்பு மாற்றத்துக்கும் என்றே மாநில அரசு நிறுவிய தனி நிலையம் இயங்குகிறது. தனியார் மருத்துவமனைகளும் பல. இவற்றுள் எதுவாயினும், குடும்பத்தார் தயக்கமின்றிக் கேட்கவேண்டியவை சில உண்டு. கல்லீரல் ரண சிகிச்சை நிபுணர், குழாய்நோக்கி நிபுணர், மருந்து நிபுணர், படநிபுணர் ஆகியோர் ஒருங்கமர்ந்து நோயாளியின் படங்களைப் பார்த்தார்களா? இத்தகைய ரண சிகிச்சை ஆண்டுக்கு எத்தனை இங்கு நடக்கின்றன? பெருமளவு கல்லீரலை நீக்கும் சிகிச்சையில் உயிராபத்து கணிசமானது. பழகிய கைகளில் அது குறைகிறது. இக்கேள்விகளால் எந்த நல்ல மருத்துவரும் வருந்தமாட்டார்.

இரண்டாவது அபிப்பிராயம் பெறுவது மருத்துவரை அவமதிப்பதாகும் என்ற எண்ணம் நம்மவரிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. இந்நோயிலோ அது இன்றியமையாதது எனலாம். ஓரிடத்தில் வெட்டியெடுக்க இயலாது என்றது மற்றோரிடத்தில் இயலும் எனத் தீர்மானிக்கப்படுவதுண்டு. இதற்குச் செல்வோர் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துச் சென்றால் போதாது. சி.டி., எம்.ஆர்.சி.பி. படங்கள் அடங்கிய தகடு, தசை எடுத்திருந்தால் அதன் மெழுகுக் கட்டி, ஸ்டென்ட் பொருத்திய நாளும் வகையும் குறித்த சீட்டு ஆகியவை வேண்டும். இவை நோயாளியின் உடைமை போன்றவை, கேட்டுப் பெறலாம்.

செலவைப் பொறுத்தவரை, கர்நாடகக் குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா திட்டம் 2018 முதல் உள்ளது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 5 லட்சம் வரை உதவி கிடைக்கும். பெரிய சிகிச்சைகளுக்கு அரசு ஆஸ்பத்திரியின் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருப்பதால், அதனை முன்னரே பெற்றுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். ஓசூர்ப் பக்கத்திலிருந்து செல்வோர் தங்கள் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை அந்த ஆஸ்பத்திரியில் ஏற்கப்படுமா என்று கேட்டறிந்த பின்னரே சேரவேண்டும். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணைவருக்கும் ரயில்வேயில் கட்டணச் சலுகை உண்டு.

மருந்துகள் தருவது எவ்வளவு

கட்டியை முழுதும் நீக்க இயன்றவர்களுக்கு, பின்னர் ஆறு மாதம் கேப்பசிடபின் மாத்திரை அளிப்பது வழக்கம். பிரிட்டனில் 447 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019-இல் வெளியான சோதனையில், மாத்திரை பெற்றவர்களின் நடுமைய ஆயுள் 51 மாதங்கள், பெறாதவர்களுக்கு 36. புள்ளியியலின் கண்டிப்பான அளவுகோலை அவ்வேறுபாடு சற்றே தவறவிட்டது. ஆயினும் வேறு நல்ல வழி இல்லாமையால் உலகெங்கும் ஏற்கப்பட்டது. சரியான முடிவென்றே தோன்றுகிறது.

துரதிருஷ்டவசமாக, நோயாளிகளுள் பெரும்பாலோர் வெட்டியெடுக்கும் நிலையைக் கடந்த பின்னரே வருகின்றனர். அவர்களுக்கு முதல் மருந்து ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும் சேர்ந்த சேர்க்கையாகும். 410 பேரைக் கொண்ட 2010-ஆம் ஆண்டுச் சோதனையில், ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களின் நடுமைய ஆயுள் 8.1 மாதங்களாக இருக்க, இரண்டும் பெற்றவர்களுக்கு அது 11.7 மாதங்களாயிற்று. இவ்விரண்டும் இந்தியாவிலேயே தயாராகும் மருந்துகள். எட்டும் விலையில் கிடைப்பன. இவற்றுடன் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துர்வலுமாப் என்னும் மருந்தைச் சேர்த்த பலன் 2022-இல் வெளியாயிற்று. நடுமைய ஆயுள் 11.5 மாதத்திலிருந்து 12.8 மாதமாக உயர்ந்தது. இதைக் கேட்டு, ஒரு மாதத்துக்காகவா இவ்வளவு செலவு என்று தோன்றலாம். ஆனால் இரண்டாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் 10 சதவிகிதத்திலிருந்து 25 சதவிகிதமாயினர். சிலருக்கு மிகுந்த பலன், பலருக்குச் சிறிதே பலன் என்பது இதன் பொருள். அச்சிலருள் தம் தந்தை ஒருவரா என்பதை முன்கூட்டிச் சொல்லும் சோதனை இன்னும் கைவரவில்லை. நிலத்தை விற்று இம்மருந்தை வாங்க எண்ணும் குடும்பம் இந்த இரு எண்களையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

கட்டியின் மரபணுவை ஆராய்வது வேறொரு வழி. கல்லீரலுக்குள் தோன்றும் வகையில் நூற்றுக்குச் சுமார் 10 முதல் 15 பேரிடம் எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்னும் மரபணு பிறிதொன்றோடு ஒட்டியிருக்கும். ஏறத்தாழ அதே அளவினரிடம் ஐ.டி.எச்.1 மரபணு திரிந்திருக்கும். முன்னதற்குப் பெமிகாடினிப் 2020-லும், பின்னதற்கு ஐவோசிடெனிப் 2021-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நாளத்தின் வெளிப்பகுதியில் ஹெர்2 என்னும் குறி காணப்படலாம். அதற்கும் மருந்துகள் உண்டு. இம்மருந்துகள் விலை மிக்கவை. நோயை வேரோடு களைபவையும் அல்ல. என்றாலும் சோதனைக்குப் போதிய தசை இல்லையென்றால் இந்தக் கேள்வியையே எழுப்ப முடியாது. மெழுகுக் கட்டியைப் பத்திரப்படுத்துங்கள் என்று மேலே சொன்னதன் காரணம் இதுவே.

இரத்தத்தில் பித்தச்சாயம் மிகுந்திருக்கையில் இம்மருந்துகளைக் கொடுப்பது ஆபத்து. எனவே வெட்டியெடுக்க இயலாதென உறுதியானபின், குழல் வைத்து வடிப்பதே முதற்படியாகிறது. பிளாஸ்டிக் குழல் சுமார் மூன்று மாதத்தில் அடைபடும். உலோக வலைக் குழல் அதைவிட நீண்டநாள் தாங்கும். ஊர் திரும்பிய நோயாளியைக் கவனிக்கும் செவிலியர் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் அது மலேரியா என்றோ சளிக்காய்ச்சல் என்றோ எண்ணி மாத்திரை கொடுத்து விடியும் வரை காத்திருத்தல் தகாது. குழல் அடைபட்டுச் சீழ் பிடித்திருக்கலாம். அன்றிரவே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். குழல் பொருத்திய தேதியை வீட்டுச் சுவரில் நாட்காட்டியருகே எழுதி வைக்கச் சொல்வது நல்ல வழக்கம்.

நோயின் பெயரைப் பெற்றோரிடமே மறைத்துவிட்டு, பிள்ளைகள் மட்டும் கூடித் தீர்மானிப்பது நம்மிடையே சாதாரணம். அன்பினாற் செய்வதுதான். ஆனால் பல மணி நேர ரண சிகிச்சையா, மாதக்கணக்கில் ஊசிகளா, அரிப்பும் வலியும் தணிந்து வீட்டிலிருத்தலா என்னும் தேர்வு அவருடைய உடலைப் பற்றியது. அவரைக் கேளாமல் அதனைச் செய்வது எப்படி என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கவேண்டும். பெரும்பாலான முதியோர் பிள்ளைகள் நினைப்பதைவிட அதிகமாகவே அறிந்திருப்பர்.

வலியைத் தணிக்கும் சிகிச்சை, மற்றவையெல்லாம் கைவிட்டபின் தொடங்குவதன்று. முதல் நாளிலிருந்தே உடன் நடக்கவேண்டியது. அரிப்புக்கு மருந்து உண்டு. பித்தம் குடலை அடையாமையால் வைட்டமின் 'கே' குறைந்து இரத்தக்கசிவு நேரலாம். ஊசியால் அதைச் சரிசெய்யலாம். கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை வேண்டும். போதைப்பொருட் சட்டத்தின் கெடுபிடிகளால் அது நெடுங்காலம் நோயாளிக்கு எட்டாதிருந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டபின், அனுமதி பெற்ற மருத்துவ நிலையங்கள் அதனை இருப்பில் வைத்துத் தருவது எளிதாயிற்று. பெங்களூரில் மாரத்தஹள்ளி அருகே 1999 முதல் இயங்கும் கருணாஸ்ரயா என்னும் இல்லத்தில், சிகிச்சையின் எல்லையை எட்டிய புற்றுநோயாளிகள் கட்டணமின்றிச் சேர்க்கப்படுகின்றனர். படுக்கையை விட்டு எழ இயலாதோரின் வீட்டுக்கே அதன் செவிலியர்கள் சென்று, புண்ணைத் துடைத்து, மருந்தளவைத் திருத்தி, கவனிப்பவருக்கும் கற்றுக்கொடுத்து வருகின்றனர்.